இயந்திரக் காவற்பெட்டிக்கு மின்னூட்டும் முறை

நமது அரக்கோணம் அடங்கிய மாவட்டத்தின் தலைநகராகிய இராணிப்பேட்டையில், அனல்மின் நிலையங்களின் கொதிகலன்களுக்கு வேண்டும் பெருவிசிறிகள் பெல் தொழிற்சாலையிற் செய்யப்படுகின்றன. இத்தகைய விசிறிகளும், நீராவியால் ஓடும் டர்பைன்களும் ஓயாது சுழல்வன. அவற்றின் அச்சு மயிரிழையளவு பிறழ்ந்து அதிரினும் கேடு விளையும். அவ்வதிர்வை இரவும் பகலும் அளந்து, எல்லை கடந்தவிடத்து எச்சரித்து, வேண்டுமாயின் இயந்திரத்தையே நிறுத்துவது ‘ரேக்’ எனப்படும் உலோகச் சட்டகமாகும். அதனுள் மின்னட்டைகள் அலமாரியில் நூல்கள் நிற்பதுபோல் அடுத்தடுத்து நிற்கும். அவை யாவற்றிற்கும் மின்சாரம் பகிர்ந்தளிப்பது ஓரத்தில் அமைந்த பவர் சப்ளை மாட்யூல். கண்காணிப்பவனுக்கே கண் அவிந்தால் யாது பயன்? ஆதலின் இதனைப் பொருத்தும் முறை சிறிது விரிவாக ஆராயத் தக்கது.

பெரும்பாலும் இவ்வகை மாட்யூல்கள் இரண்டு வைக்கப்படும். ஒன்று பழுதுறின் மற்றொன்று முழுச் சுமையையும் தானே தாங்கும். ஆயினும் இரண்டையும் ஒரே கம்பியில் மாட்டிவிட்டு ‘இரண்டு உள’ என்று மகிழ்வது பேதைமை. 1993-ம் ஆண்டு மார்ச்சு 31-ந் தேதி, உத்தரப் பிரதேசத்து நரோரா அணுமின் நிலையத்தில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. அங்கே டர்பைனின் தகடுகள் இரண்டு முறிந்தன. அச்சு கடுமையாக அதிர்ந்தது. ஐதரசன் வாயு கசிந்து தீப்பற்றியது. மின்சாரத்திற்கு மாற்றுவழிகள் இருந்தும், அவற்றின் கேபிள்கள் தக்க தீத்தடுப்பும் இடைவெளியுமின்றி அருகருகே சென்றமையால் ஒருங்கே எரிந்துபோயின. நிலையம் ஏறத்தாழ 17 மணி நேரம் மின்சாரமின்றி இருந்தது. ஊழியர் கைவிளக்குடன் இருளிற் சென்று வால்வுகளைத் திறக்க நேர்ந்தது. கதிர்வீச்சுத் தீங்கு வெளியே பரவாமை நற்பேறு. ஆகவே ஒரு மாட்யூலுக்கு யு.பி.எஸ். வழியாகவும், மற்றதற்கு வேறு யு.பி.எஸ். அல்லது பாட்டரி வழியாகவும் மின்சாரம் வருதல் வேண்டும்; பிரேக்கரும் கேபிள் செல்லும் வழியும் தனித்தனியே இருத்தல் வேண்டும்.

பொருத்துமுன் மாட்யூலின் மேலெழுதிய வோல்ட் அளவும், ஏ.சி.யோ டி.சி.யோ என்பதும், ரேக்கின் பின்புறத்தே கம்பிகள் வந்து சேரும் இணைப்புப் பகுதியோடு ஒத்துள்ளனவா என நோக்குக. பின்னர்ப் பிரேக்கரை நிறுத்திப் பூட்டிட்டு, மீட்டரால் தொட்டு மின்சாரம் இல்லையென உறுதி செய்க. பிறர் சொல்லை நம்பிக் கைவைத்தல் ஆகாது. உடலிற் சேரும் நிலைமின்சாரம் நுண்ணிய மின்னட்டைகளைக் கெடுக்குமாதலின், எர்த்துடன் இணைந்த பட்டையை மணிக்கட்டில் அணிதல் முறை. மாட்யூலைத் தடத்திற் செலுத்தி, இறுதிவரை அழுத்தி, திருகுகளை இறுக்குக.

எர்த் பற்றிய செய்தியே எனக்கு இவற்றுள் மிக வியப்பூட்டியது. கருவிகளின் பொதுக் கம்பி ஓரிடத்தில் மட்டுமே எர்த்துடன் சேர்தல் வேண்டும். ஈரிடத்திற் சேரின், அவ்விரண்டிற்குமிடையே சிறு மின்னோட்டம் சுற்றி, இல்லாத அதிர்வை இருப்பதாகக் காட்டும். நன்றாய் ஓடும் இயந்திரம் பொய்ச் சாட்சியால் நின்றுபோகலாம்!

மின்சாரம் விட்டபின் பச்சை விளக்கு எரிந்தால் மட்டும் போதாது. அச்சினருகே நிற்கும் உணர்கருவிக்கு −24 வோல்ட் செல்கின்றதா என அளத்தல் வேண்டும். பெருவழக்கான கருவிகளில், அச்சுக்கும் உணர்கருவியின் முனைக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர் மாறினால், திரும்பி வரும் மின்னழுத்தம் 7.87 வோல்ட் மாறும். கொடுக்கும் மின்சாரம் குன்றினால் இவ்வளவையே ஐயத்திற்கிடமாகும்.

இனி உண்மைச் சோதனை. இயந்திரம் ஓடத் தொடங்குமுன்னரே ஒரு மாட்யூலின் பிரேக்கரை நிறுத்துக. அளவைகள் அசையாமலிருத்தல் வேண்டும்; கட்டுப்பாட்டு அறையிலும் பழுதுமணி ஒலித்தல் வேண்டும். மணி ஒலியாவிடில், ஒரு மாட்யூல் செத்துக் கிடப்பதை ஒருவரும் அறியாமல் மற்றதும் சாகும் நாள்வரை காலம் கழியும். அதனை மீட்டபின் அடுத்ததை நிறுத்துக. இறுதியாக இரண்டையும் நிறுத்திப் பார்த்தல் வேண்டும்: சில அமைப்புகளில் மின்சாரம் போனவுடன் இயந்திரம் நிற்கும், வேறு சிலவற்றில் காவலின்றியே ஓடிக்கொண்டிருக்கும். தம் நிலையம் இவ்விரண்டனுள் எவ்வகையது என்பதை ரேக்கின் கதவிலேயே எழுதி ஒட்டிவைத்தல், இரவுமுறைக்கு வரும் ஊழியர்க்குப் பெரிதும் உதவும்.