நெல் குறைந்தது, பணம் கூடியது

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அடுத்து வந்த பெரும்போகத்தில் விளைச்சல் விழுந்ததை மண்டூர் வயற்காரருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. ஆனால் விலை ஏறியது. இந்த இரண்டும் சேரும்போது கணக்கு எப்படி ஏமாற்றும் என்று பார்ப்போம்.

ஓர் ஏக்கரில் முன்பு 30 மூடை விளைந்து, மூடை 3,000 ரூபாவுக்கு விற்றது என்று வைத்துக்கொள்வோம். வரவு 90,000 ரூபா. மறுவருடம் 18 மூடை, விலை 6,000. வரவு 108,000 ரூபா. கொப்பியில் 20 வீத வளர்ச்சி! அந்த 18 மூடையையும் பழைய விலையால் பெருக்கினால் 54,000 ரூபாதான். 40 வீத வீழ்ச்சி.

நாட்டின் கணக்கும் இதுவே. அந்தந்த ஆண்டின் விலையில் மதிப்பது பெயரளவு மொத்த உள்நாட்டு உற்பத்தி. ஓர் அடியாண்டின் விலையில் மதிப்பது மெய் உற்பத்தி. இலங்கையின் 2022ஆம் ஆண்டுக் கணக்குக்கு அடியாண்டு 2015. அந்த 2022இல் பெயரளவு உற்பத்தி மூன்றிலொரு பங்குக்கு மேல் கூடியது. மெய் உற்பத்தியோ 7 வீதத்துக்கு மேல் சுருங்கியது. செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தது, வீங்கியது விலைதான்.

பெயரளவை மெய்யால் வகுத்து 100ஆல் பெருக்கினால் விலை மட்டம் தெரியும். நமது வயலில் அது 200, அதாவது இரட்டிப்பு.

நமது கிராமச் சங்கங்கள் பலவும் ஆண்டறிக்கையில் ரூபாவை மட்டுமே எழுதுகின்றன. பக்கத்தில் மூடைக் கணக்கையும் எழுதக் கேட்கிறோம். மெய் உற்பத்தியும் முழுக்கதை சொல்லாது: குறைந்த 12 மூடை யாருடைய உலையில் குறைந்தது என்பது அதில் இல்லை.