விண்ணில் திரட்டும் சூரிய சக்தி

நிலத்தில் அமைக்கப்படும் சூரிய மின்கலங்கள் இரவில் ஓய்ந்துவிடுகின்றன. பருவமழைக் காலத்தில் பகலிலும் தளர்கின்றன. வளிமண்டலத்துக்கு அப்பால் இவ்விடையூறுகள் இல்லை. அங்கே சூரியனை நேராக நோக்கும் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 1,361 வாட் சக்தி விழுகிறது. நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலைகொண்ட செயற்கைக்கோள், மார்ச், செப்டம்பர் மாதங்களையொட்டிய சில வாரங்களில் மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 70 நிமிடங்கள் வரை புவியின் நிழலில் மறையும்.

அத்தகைய கோளில் மின்சாரம் உற்பத்தி செய்து, நுண்ணலையாக்கிப் புவிக்கு அனுப்பலாம் என்று 1968-இல் அமெரிக்கப் பொறியாளர் பீட்டர் கிளேசர் முன்மொழிந்தார். 1975-இல் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் 30 கிலோவாட்டுக்கு மேற்பட்ட சக்தி ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பியின்றி அனுப்பப்பட்டது. எனவே கொள்கையில் ஐயமில்லை. இடர்ப்பாடு அளவில்தான் உள்ளது.

அலைக்கற்றை செல்லச்செல்ல விரியும் இயல்புடையது. 12 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள நுண்ணலையை ஒரு கிலோமீட்டர் அகல வானலை வாங்கியிலிருந்து செலுத்தினால், தரையை அடையும்போது அது சுமார் 10 கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவிவிடும். அனுப்பும் வாங்கியைப் பாதியாகக் குறைத்தால் தரைநிலையத்தின் அகலம் இருமடங்காகும். ஆகவே இத்திட்டத்தைச் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக வளர்ப்பது எளிதன்று. 1970-களின் இறுதியில் அமெரிக்க அரசு ஆராய்ந்த மாதிரி வடிவில் கோளின் மின்கலப் பரப்பு 10 கிலோமீட்டர் நீளமும் 5 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. தரையில் கிடைக்கும் மின்சாரம் 5,000 மெகாவாட்.

இதற்குத் தேவையான தரைநிலையம் சுமார் 100 சதுர கிலோமீட்டர். ராஜஸ்தானின் பத்லா சூரியப் பூங்கா ஏறத்தாழ 56 சதுர கிலோமீட்டரில் 2,245 மெகாவாட் திறன் கொண்டது. எனினும் அத்திறன் வெயில் உள்ள வேளைக்கே உரியது. நிலம் அரிதான நாட்டுக்கு இவ்வேறுபாடு அற்பமன்று. கற்றையின் மையத்தில் சதுர மீட்டருக்கு 230 வாட் என்பதே அம்மாதிரியின் வரம்பு. அது நண்பகல் வெயிலின் கால் பங்குக்கும் குறைவு.

செலவுதான் பெருந்தடை. மின்கல வகையைப் பொறுத்து அக்கோளின் எடை 50,000 டன்னை எட்டும். இந்தியாவின் எல்.வி.எம்-3 ஏவுகலம் புவிநிலை மாற்றுப்பாதைக்கு ஏற்றிச் செல்வது ஏறத்தாழ 4 டன். 2023-இல் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தின் சிறு கருவி விண்வெளியில் கம்பியில்லா மின்னனுப்பலைச் செய்து காட்டியது. ஆயினும் 2024 ஜனவரியில் நாசா வெளியிட்ட மதிப்பீடு, இம்மின்சாரம் தரையிலுள்ள மாற்று வழிகளைவிட 12 முதல் 80 மடங்கு வரை விலை கூடியதாக இருக்கும் எனக் கணித்தது. ஏவும் செலவு குறைந்து, விண்ணிலேயே இயந்திரங்கள் பூட்டி இணைக்கும் முறை கைவந்தால் இவ்விடைவெளி பெரிதும் சுருங்கும் என்பதும் அம்மதிப்பீட்டிலேயே காணப்படுகிறது.