பிள்ளை பள்ளிக்கூடம் போனால் வீட்டுக் கணக்கு என்ன ஆகும்?



சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்தில் "எங்க வேலைக்குப் போறே?" என்றால் "ஆபீசுக்கு" என்பார்கள். தீப்பெட்டி ஆபீஸ். 1980-களில் விடியுமுன்னே ஊருக்குள் ஆபீஸ் வண்டி வரும். தூக்கம் கலையாத பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். கட்டை அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் சின்ன விரல்களின் வேலையாக இருந்தது.

1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. பத்து வருஷம் கழித்து, 1996 டிசம்பரில், சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் நிதியில் கட்ட வேண்டும். வீட்டில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை ஏற்பாடு செய்ய வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் அந்த நிதியில் சேர்க்க வேண்டும். பிள்ளையின் கூலி நின்றால் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும் என்று நீதிமன்றமே யோசித்திருக்கிறது. நாமும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

2016-ல் சட்டம் இன்னும் இறுகியது. 14 வயது முடியாத பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. தீப்பெட்டி, பட்டாசு போன்ற ஆபத்தான வேலைகளில் 18 வயது வரை கூடாது. மீறும் முதலாளிக்கு 6 மாதம் முதல் 2 வருஷம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டுத் திண்ணையில் வைத்துப் பட்டாசுத் திரி வெட்டினாலும் அது ஆபத்தான வேலைதான். "வீட்டு வேலைதானே அக்கா" என்று நம்மில் யாராவது சொன்னால், மருந்துக்கு வீடு, ஆபீஸ் என்ற வித்தியாசம் தெரியாது என்று சொல்லுங்கள்.

இனி பணக் கணக்குக்கு வருவோம். "முன்பணம் வாங்கிட்டோம், எப்படிப் புள்ளைய நிறுத்துறது?" இதைத்தான் அதிகம் கேட்கிறோம். உடனே குழுவில் உள்கடன் போட்டு ஏஜெண்டுக்குக் கட்டிவிடலாம் என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். முன்பணத்துக்காக ஆளைப் பிடித்து வைத்து வேலை வாங்குவது கொத்தடிமை முறை. 1976-ம் வருஷச் சட்டப்படி அப்படிப்பட்ட கடனைத் திருப்பிக் கட்டவே வேண்டியதில்லை. கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். தாய் தனியாகப் போகாமல் ஊக்குநரும் பிரதிநிதிகளும் கூடப் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

நம் உள்கடன் போக வேண்டிய இடம் வேறு. பிள்ளை வேலையை விட்ட முதல் சில மாதம் அந்த வீட்டில் வாரக்கூலி குறையும். கடைப் பாக்கி ஏறும். "இன்னும் ஒரு வாரம் மட்டும் போயிட்டு வரட்டுமே" என்ற பேச்சு அப்போதுதான் வரும். அந்த மாதங்களைத் தாண்ட ஒரு ஆட்டுக்குட்டிக்கோ, தையல் மெஷினுக்கோ, அரிசி பருப்புக்கோ கடன் கொடுங்கள். தவணையை இரண்டு மாதம் தள்ளி ஆரம்பியுங்கள். ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம் போனதுதான். வீட்டுக்குக் கொடுத்த பணம் திரும்பி வரும்.

பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது அவ்வளவு கஷ்டமில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின், பிறப்புச் சான்றோ டி.சி.யோ இல்லையென்று பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்கு 3 மாதம் முதல் 2 வருஷம் வரை சிறப்புப் பயிற்சி தர வேண்டும். முன்பு தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தில் இதற்கென்று தனிப் பள்ளிகள் இருந்தன. 2021-ல் அது சமக்ர சிக்ஷாவோடு சேர்ந்துவிட்டதால், இப்போது வட்டார வள மையத்தில் கேளுங்கள். 14 வயது தாண்டினாலும் எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை இலவசமாகப் படிக்க உரிமை உண்டு.

கஷ்டமெல்லாம் சேர்த்த பிறகுதான். பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வராது. பக்கத்தில் இருப்பது சிரிக்கும். கையில் நாலு காசு பார்த்த பிள்ளைக்கு அந்தச் சிரிப்பு பொறுக்காது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள் என்பது சட்டம். அதில் நம் உறுப்பினர் ஒருவராவது இருந்தால் ஆசிரியரிடம் உரிமையோடு பேசலாம்.

இந்த மாதக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும், பள்ளிக்கு வராத பிள்ளைகள் எந்தெந்த வீட்டில் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு உறுப்பினர் பொறுப்பு; வாரம் ஒருமுறை வருகையைக் கேட்டு வர வேண்டும். ஏஜெண்ட் மிரட்டினாலோ, பிள்ளையை வெளியூருக்குக் கொண்டுபோனாலோ 1098-க்குப் போன் போடுங்கள். ராத்திரியானாலும் எடுப்பார்கள், காசு கிடையாது.