பரிசலில் ஏறும் முன்...

ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்சாலைகளில் வேலை செய்வோர் பலரும் விடுமுறைக்குப் போகும் இடம் ஒகேனக்கல். ஆடிக் காற்று வீசும் நாட்களில்தான் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளின் உபரிநீரும் காவிரியில் பெருகி வரும். கவனமாக இருங்கள்.

● தடை அறிவிப்பு இருந்தால், யார் கூப்பிட்டாலும் பரிசலில் ஏறாதீர்கள்.

● லைஃப் ஜாக்கெட்டின் எல்லா வார்களையும் இறுக்குங்கள். தோள் பகுதியைப் பிடித்துத் தூக்கினால் அது முகவாய்க்கு மேலே ஏறக்கூடாது.

● செல்ஃபிக்காக எழுந்து நிற்காதீர்கள். எல்லோரும் ஒரே பக்கம் சாயாதீர்கள்.

● யாராவது விழுந்தால் உடனே குரல் கொடுங்கள். ஒருவர் மட்டும் கண்ணை எடுக்காமல், விழுந்தவரைக் கைநீட்டிக் காட்டியபடியே இருக்கட்டும்.

● காப்பாற்றக் குதிக்காதீர்கள். துடுப்பை நீட்டுங்கள், கயிறு அல்லது மூடிய காலி கேனை வீசுங்கள்.

● அவரை மேலே ஏற்றும்போது மற்றவர்கள் எதிர்ப்பக்கம் தாழ்வாக உட்காருங்கள்.

● நீங்கள் விழுந்தால், மல்லாந்து, கால்களை நீரோட்டம் போகும் திசையில் நீட்டி மிதந்தபடி இருங்கள். எழுந்து நிற்க முயன்றால் பாறை இடுக்கில் கால் சிக்கிக்கொள்ளும்.

● மீட்கப்பட்டவருக்கு மூச்சு இல்லையென்றால் வயிற்றை அமுக்க வேண்டாம். வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.