ரத்தசோகையா? காபியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்!

பெங்களூரு தர்ஷினிகளில் டிபன் முடிந்ததும் ஃபில்டர் காபி குடிப்பது வழக்கம். உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவிடாமல் தடுப்பதில் காபிக்கும் டீக்கும் பெரிய பங்கு உண்டு. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

● பரிசோதனை முதலில்: ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. அரசின் ‘நம்ம கிளினிக்’கிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ விசாரியுங்கள்.

● தட்டில்: ராகி முத்தேயுடன் கொள்ளுச் சாறு, தண்டுக்கீரை பஸ்ஸாரு நல்ல ஜோடி. எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், நெல்லிக்காய், கொய்யாவும் உதவும். அசைவர்களுக்கு ஆட்டு ஈரல், மீன். கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்க்கவும்.

● இரும்பு மாத்திரை: கர்ப்பிணிகளுக்கு 4-ஆம் மாதம் முதல் தினம் ஒன்றாக 180 நாட்களுக்கு அரசு இலவசமாகத் தருகிறது. பாலுடனோ கால்சியம் மாத்திரையுடனோ சேர்த்து விழுங்காதீர்கள். மலம் கறுத்தால் பயம் வேண்டாம். வயிறு புரட்டினால் சாப்பாட்டுக்குப் பின் போடலாம்.

● பாதியில் நிறுத்தாதீர்கள்: ஹீமோகுளோபின் அளவு சரியான பிறகும் உடலில் இரும்புச் சேமிப்பு நிரம்ப மூன்று மாதம் வரை மாத்திரை தேவைப்படலாம்.

● எச்சரிக்கை: தலசீமியா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இரும்பு மாத்திரை சாப்பிடக் கூடாது. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ரத்தசோகை வந்தால், உள்ளே ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் மாத்திரையை வையுங்கள். அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து.