பனிநாட்டு இல்லத்தில் சமையலறைச் சீரமைப்பு: செலவுத் திட்டம் வகுக்கும் முறை

லடாக்கின் தலைநகரான லே, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. ஆண்டு முழுவதிலும் அங்கு பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் அளவே ஆகும். குளிர்கால இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 15 டிகிரி வரையிலும், சில நாட்களில் அதற்கு மேலும் இறங்கிவிடுகிறது.

இத்தகைய நாட்டில் சமையலறை உணவு ஆக்கும் இடம் மட்டுமன்று. சான்சா என்று லடாக்கியர் வழங்கும் அவ்வறையே பல இல்லங்களில் மிகப் பெரியது. குளிர்காலத்தில் குடும்பத்தார் அனைவரும் கூடியிருக்கும் இடமும் அதுவே. ஒரே அடுப்பு உணவையும் ஆக்குகிறது. அறைக்கு உஷ்ணத்தையும் தருகிறது. ஆகவே, இவ்வறையைச் சீரமைக்க முற்படும் குடும்பத்திற்கு ஆலோசனை கூறும் களப் பணியாளர், சமவெளியில் வழங்கும் கணக்கை அப்படியே எடுத்தாளுதல் கூடாது. திட்டம் வகுக்கும் முறையைப் படிப்படியாக ஆராய்வோம்.

1. பணத்திற்கு முன் காலம்

லேயை அடையும் தரைவழிகளுள் முக்கியமானவை இரண்டு. ஸ்ரீநகரிலிருந்து வரும் சாலை ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரமுள்ள சோஜிலா கணவாயைக் கடக்கிறது. மணாலியிலிருந்து வரும் சாலையில் 4,800 மீட்டருக்கு மேற்பட்ட கணவாய்கள் உள்ளன. 2020ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை ரோதாங் கணவாயைத் தவிர்க்க உதவுகிறதேயன்றி, அதற்கு அப்பாலுள்ள உயர்ந்த கணவாய்களைத் தவிர்ப்பதில்லை. கடும் பனிக்காலத்தில் இவ்வழிகள் மூடப்படுகின்றன. அக்காலத்தில் ஒரு கண்ணாடிப் பலகை உடைந்துபோனால், கையில் பணமிருந்தும் மாற்றுப் பலகை எளிதில் கிடைப்பதில்லை.

சிமெண்டு வேலைக்கும் காலவரையறை உண்டு. காற்றின் வெப்பநிலை 5 டிகிரிக்குக் குறையுமாயின் சிமெண்டு இறுகுவது மிகவும் தாமதமாகும். இறுகுவதற்கு முன் அதிலுள்ள நீர் உறைந்துவிட்டால், கன அளவில் ஏறத்தாழ 9 சதவீதம் விரிந்து காரையைச் சிதைத்துவிடும். மண் செங்கல்லும் உலர்வதற்கு வெயிலை எதிர்பார்த்து நிற்பது. எனவே, ஈரவேலைகள் யாவும் செப்டம்பருக்குள் முடியுமாறு நாட்குறிப்பை முதலில் எழுதி, அதன் பின்னரே செலவுப் பட்டியலை எழுத வேண்டும்.

2. பொருளின் உண்மை விலை

கடையில் கேட்ட விலையைப் பட்டியலில் எழுதுவது போதாது. ஏற்றுகூலி, வண்டிச்சத்தம், இறக்குகூலி, வழியில் நேரும் சேதம் ஆகிய நான்கையும் சேர்த்தால்தான் வீட்டு வாசலில் பொருளின் விலை தெரியும். பத்துக் கண்ணாடிப் பலகைகள் வாங்கி, வழியில் ஒன்று உடைந்தால், பத்துப் பலகைகளின் செலவும் ஒன்பது பலகைகளின் மேல் ஏறுகிறது. இவ்வாறு கணக்கிடும்போது, தொலைவிலிருந்து வரும் கனத்த பொருள்களைவிட, உள்ளூர் மண் செங்கல், பாப்ளர் மரம், வில்லோ மிலாறு, வைக்கோல் ஆகியவை பல சமயங்களில் சிக்கனமானவை என்பது புலனாகும்.

3. செலவுகளின் வரிசை

இடையில் பணம் தீர்ந்து வேலை நின்றாலும், அதுவரை செய்த பகுதி தீங்கின்றிப் பயன்பட வேண்டும். வரிசையை வகுப்பதற்கு இதுவே அடிப்படை விதி.

முதலாவது, புகைபோக்கியும் காற்று வரும் வழியும். இவற்றை விடுத்துச் சன்னல், கதவு இடுக்குகளை முதலில் அடைப்பது பெரும் அபாயமாகும். காற்றுக் குறைந்த இடத்தில் எரியும் விறகு, கரி, சாண வறட்டி ஆகியவை கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவை வெளியிடுகின்றன. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இவ்வாயுவைப் பற்றிக்கொள்வதால், உறங்குவோர் விழித்தெழாமலே உயிரிழக்க நேரிடும். புகைக்குழாய் கூரையைக் கடக்குமிடத்தில், மரமும் மிலாறும் அதைத் தொடாதவாறு இடைவெளி விட்டுத் தீப்பற்றாத பொருளால் அமைத்தலும் இச்செலவில் அடங்கும்.

இரண்டாவது, வெப்பக் காப்பு. கூரை, சன்னல், கதவு ஆகியவற்றை இவ்வரிசையில் கவனித்தல் நன்று. தென்முகச் சன்னலுக்குத் தனிச் சிறப்பு உண்டு. லே ஏறத்தாழ 34 டிகிரி வட அட்சரேகையில் உள்ளது. டிசம்பர் நண்பகலில் கதிரவன் தென்வானில் ஏறத்தாழ 32 டிகிரி உயரத்திலேயே நிற்பதால், வெயில் அறையின் உட்புறம்வரை பாய்கிறது. இந்த உஷ்ணத்திற்கு விலையில்லை.

மூன்றாவது, நீரும் வடிகாலும். குழாய்களை உட்சுவரை ஒட்டி அமைத்து, இரவில் நீரை முழுவதும் வடித்துவிடுவதற்கு மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு திருகுகுழாய் வைக்க வேண்டும். நான்காவதாகவே அலமாரி, தரை, வண்ணப்பூச்சு ஆகியவை வரும். செம்பும் பித்தளையும் வரிசையாக மின்னும் அலமாரி லடாக்கியரின் பெருமைக்குரியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது ஓராண்டு காத்திருக்கலாம், புகை காத்திராது.

4. ஒரு மாதிரிக் கணக்கு

ஒன்றரைச் சதுர மீட்டர் பரப்புள்ள ஒற்றைக் கண்ணாடிச் சன்னல் ஒன்றைக் கொள்வோம். அறையினுள் 15 டிகிரி, வெளியே சராசரியாக உறைநிலைக்குக் கீழே 5 டிகிரி எனின், வேறுபாடு 20 டிகிரி. ஒற்றைக் கண்ணாடியின் வழியே ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, ஏறத்தாழ 5.7 வாட்டு வெப்பம் வெளியேறும். இரட்டைக் கண்ணாடி எனில் ஏறத்தாழ 2.8 வாட்டு.

ஒற்றைக் கண்ணாடி: 1.5 × 20 × 5.7 = 171 வாட்டு
இரட்டைக் கண்ணாடி: 1.5 × 20 × 2.8 = 84 வாட்டு
மிச்சம்: 87 வாட்டு

ஒரு நாளில் மிச்சம் ஏறத்தாழ 2 கிலோவாட்டு மணி. உலர்ந்த விறகு ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ 4 கிலோவாட்டு மணி வெப்பம் உண்டு. அதில் பாதி அறைக்குச் சேருமெனக் கொண்டால், நாளொன்றுக்கு ஒரு கிலோகிராம் விறகு மிச்சமாகும். 150 நாட்களுக்கு 150 கிலோகிராம். அவ்விறகின் உள்ளூர் விலையையும், இரண்டாவது கண்ணாடிக்கு ஆகும் செலவையும் ஒப்பிட்டால், எத்தனை குளிர்காலங்களில் முதல் திரும்பும் என்பதைக் குடும்பத்தாரே கூறிவிடுவர்.

5. உயரத்தால் வரும் செலவுகள்

லேயில் நீர் ஏறத்தாழ 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேக நெடுநேரம் ஆகிறது. பிரஷர் குக்கரில் ஏறத்தாழ 114 டிகிரி வரை வெப்பம் கிடைக்கும். ஆகவே இங்கு அது ஆடம்பரமன்று. எரிபொருளை மீதப்படுத்தும் கருவி.

சமையல் வாயுவிலுள்ள பியூட்டேன், கடல் மட்டத்தின் காற்றழுத்தத்தில், ஏறத்தாழ பூஜ்ய டிகிரியில்தான் ஆவியாகத் தொடங்குகிறது. மலைமேல் அழுத்தம் குறைவதால் இவ்வளவு சற்றுத் தாழும்; எனினும் கடுங்குளிரில் உருளை நிறைந்திருந்தும் சுடர் மெலிந்துவிடுவதுண்டு. எக்காரணம் கொண்டும் உருளையைத் தீயால் சூடாக்குதல் ஆகாது. விறகடுப்பை அடியோடு அகற்றிவிடும் திட்டத்தை இதனால் ஆதரிப்பதற்கில்லை.

6. பங்கீடும் சேமநிதியும்

மொத்தத் தொகையை 100 பங்காகக் கொண்டு, எடுத்துக்காட்டாகப் பின்வருமாறு தொடங்கலாம்: அடுப்பு, புகைபோக்கிக்கு 25, வெப்பக் காப்பிற்கு 35, நீர், வடிகாலுக்கு 10, அலமாரி, தரைக்கு 10, சேமநிதிக்கு 20. இல்லத்தின் நிலைக்கேற்ப இவற்றை மாற்றிக்கொள்ளலாம். சேமநிதியின் ஒரு பகுதியைக் கணவாய் மூடுமுன் உபரிக் கண்ணாடி, புகைக்குழாய்த் துண்டு, குழாய் இணைப்புகள் ஆகியவையாக மாற்றிவைத்தல் அறிவுடைமை. பனிக்காலத்தில் பெட்டியிலுள்ள பணத்தைவிடப் பரணிலுள்ள பொருளே உதவும்.

ஆசிரியர்களுக்குப் பயிற்சி

(அ) வகுப்பறைச் சன்னல்களின் பரப்பை மாணவர்களைக் கொண்டு அளந்து, மேற்கூறிய முறையில் வெளியேறும் வெப்பத்தைக் கணக்கிடச் செய்க.

(ஆ) ஒரு மூட்டைச் சிமெண்டிற்கும், அதற்கு ஈடாகும் மண் செங்கல்லுக்கும் வாசல் விலையைத் தனித்தனியே எழுதி ஒப்பிடுக.

(இ) 100 பங்குத் தொகையில் 60 மட்டுமே கிடைத்தால் எந்த வேலையோடு நிறுத்துவது, எதை அடுத்த ஆண்டிற்குத் தள்ளுவது என்பதைக் காரணத்துடன் விளக்குக.