ஓரெமுக்கே என் ஓட்டு

அன்புள்ள தேன்மொழி,

செவிலியக் கோட்பாடுகளில் எது சிறந்தது என்று கேட்டிருந்தாய். பெயர், ஆண்டு, நிறை, குறை என்று அட்டவணை போட்டால் மார்க் கிடைக்கும். வார்டில் அது உதவாது. கோட்பாட்டை எழுதிய ஒவ்வொருவரும் நோயாளியிடம் எதை முதலில் பார்க்கச் சொல்கிறார் என்று கேட்டுப் பார். நைட்டிங்கேல் பார்த்தது சுற்றுப்புறத்தை. கிரிமியப் போரில் காயத்தைவிடத் தொற்றுநோயே அதிகம் பேரைக் கொன்றது. 1855இல் ஸ்குட்டாரி மருத்துவமனையின் சாக்கடைகளைச் சுத்தம் செய்து காற்றோட்டம் ஏற்படுத்திய பிறகு சாவு வெகுவாகக் குறைந்தது. (அதைச் செய்தது அரசு அனுப்பிய சுகாதாரக் குழு. நாமோ பாராட்டு முழுவதையும் கைவிளக்கேந்திய காரிகைக்கே கொடுத்துவிடுகிறோம்.) 1952இல் தன் நூலை வெளியிட்ட ஹில்டகார்ட் பெப்லாவின் களம் மனநலம், அங்கே செவிலியர் நோயாளியோடு வளர்க்கும் உறவே சிகிச்சையில் பாதி. பார்த்த நோய் வேறு, கிடைத்த விடையும் வேறு.

அதற்காக எல்லாம் சமம் என்று நழுவ மாட்டேன். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் நிறைந்த இன்றைய வார்டுக்கு டொரோதியா ஓரெம்தான் பொருத்தம். தன்னைத் தானே பார்த்துக்கொள்வதில் நோயாளியால் எது முடியும், எது முடியாது என்பதே 1971இல் வந்த அவர் நூலின் மையக் கேள்வி. 14 அடிப்படைத் தேவைகளைச் சொன்ன வர்ஜீனியா ஹெண்டர்சனும் நோயாளி சீக்கிரம் பிறர் உதவியின்றி இயங்க வேண்டும் என்றார். ஆனால் செவிலியரின் பங்கு எப்போது எவ்வளவு என்று படிப்படியாகப் பிரித்துக் காட்டியவர் ஓரெம். சர்க்கரை ஏறி மயங்கி வந்தவருக்கு எல்லாமே நீதான் செய்ய வேண்டும். எழுந்து உட்கார்ந்ததும் பாதி அவர், பாதி நீ. வீட்டுக்குப் போகுமுன் கற்றுக்கொடுப்பது மட்டுமே உன் வேலை: 40 யூனிட் இன்சுலின் குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு மூடி, மாற்றிப் போட்டால் மருந்தின் அளவே தப்பிவிடும். இதை வாயால் சொல்லிவிட்டு வராதே. அவர் கையால் மருந்தை உறிஞ்சிக் காட்டச் சொல்.

ஓரெமின் கோட்பாடு தனிமனிதரையே பெரிதாக நினைக்கும் அமெரிக்கச் சிந்தனை, நம் ஊரில் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் கூட இருக்கும் அட்டெண்டர்தானே என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பிறரைச் சார்ந்திருப்பவரைப் பார்த்துக்கொள்கிறவரின் திறனையும் ஓரெம் கணக்கில் எடுத்தார். ஊசி போடப்போவது மருமகள் என்றால் சிரிஞ்ச் அவள் கைக்குப் போகட்டும். நேரம் இல்லை என்பது அடுத்த வாதம். ஆள் குறைந்த டியூட்டியில்தான் கோட்பாடு அதிகம் தேவை. தானே சாப்பிடக்கூடியவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தால் முடியாதவருக்கு யார் ஊட்டுவது? இந்தக் கோட்பாடு திணறும் இடமும் உண்டு. சாகும் தறுவாயில் இருப்பவரிடம் சுயபராமரிப்பு பேசிப் பயனில்லை. அங்கே அக்கறையை மையமாக வைத்த ஜீன் வாட்சன்தான் துணை. அவர் சொல்வதை அளக்க முடியாது என்ற குறை அந்தக் கட்டிலருகே எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

அடுத்த கேர் பிளானில் நோயின் பெயருக்குக் கீழே, அவரால் இன்று என்ன முடியும் என்று ஒரு வரி எழுது. மறுநாள் அதைத் திருத்து. எழுதியதை எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
பெரியம்மா